துப்பாக்கிக்குச் சலாம், கிருமிக்கு வாரண்ட்

அக்ரோபாக்டீரியம் டியூமிஃபேசியன்ஸ் என்று நாக்கு சுளுக்கும் பெயர்கொண்ட மண் கிருமி ஒன்று உண்டு. மரத்தில் காயம் பட்டால் மோப்பம் பிடித்து வந்து, தன் மரபணுத் துண்டை மரத்தின் செல்லுக்குள் செருகி, அங்கே ஒரு கழலையை வளர்த்து, அதில் ஊறுவதைத் தின்று பிழைக்கும். இந்தச் செருகும் வித்தையைப் பார்த்த விஞ்ஞானிகள் அதை வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். மர வகையில் 1987-இல் பாப்லரில் தொடங்கிய உத்தியோகம். கழலை மரபணுக்களைப் பிடுங்கிவிட்டு, தங்களுக்கு வேண்டியதை அதன் தலையில் ஏற்றுவார்கள். இலைத் துண்டுகளைக் கலங்கலான கிருமிக் கரைசலில் நனைத்து, தாளில் ஒற்றியெடுத்து, தட்டில் பரப்பி இரண்டொரு நாள் வைப்பார்கள். வேலை முடிந்ததும் ஆன்டிபயாட்டிக் ஊற்றிக் கொன்றுவிடுவார்கள். சம்பளமும் கிடையாது, பென்ஷனும் கிடையாது.

இவ்வளவுக்கும் பிறகு அமெரிக்கச் சட்டத்தின் கண்ணில் குற்றவாளி யார்? பல் பிடுங்கப்பட்ட அந்தக் கிருமிதான்!

அதே 1987-இல் அங்கே ஒரு விதி வந்தது. மரபணு மாற்றத்தில் தாவர நோய் உண்டாக்கும் உயிரி எதுவும் கைவைத்திருந்தால் வேளாண்மைத் துறை விசாரிக்கும். மரம் என்ன செய்யும், மகரந்தம் எவ்வளவு தூரம் போகும் என்பதெல்லாம் அப்புறம். மரபணுவைத் தூக்கி வந்தவன் யார், அதைச் சொல். எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். இங்கே எய்தவனுக்கு நாற்காலி போட்டு, அம்பிடம் வாக்குமூலம் வாங்குகிறார்கள்.

இன்னொரு அம்பும் உண்டு, ஜீன் துப்பாக்கி. உலோகத் துகளில் மரபணுவைப் பூசிச் செல்லுக்குள் சுடுவது. அணிநயத்துக்குச் சொல்லவில்லை. 1980-களில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் செய்த ஆரம்பக் கருவியில் நிஜ வெடிமருந்தே இருந்தது, சுடப்பட்டது வெங்காயம். கிருமியும் குறிபார்த்துச் செருகுவதில்லை என்பது உண்மைதான். ஆனாலும் துப்பாக்கி அளவுக்குத் துண்டு துண்டாக இறைக்காது. அதனால் என்ன? தங்கத் துகள் நோய்க்கிருமி இல்லையே! சட்டம் சலாம் போட்டது.

ஆர்பர்ஜென் என்ற நிறுவனம் லாப்லாலி பைன் மரத்தை அப்படிச் சுட்டது. தென்கிழக்கு அமெரிக்காவின் சொந்தக் காட்டு மரம் அது; சுற்றிலும் அதன் சொந்தபந்தம். அதன் மகரந்தம் 41 கிலோமீட்டர் பறந்த பிறகும் முளைத்ததை ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். 2014 ஆகஸ்டில் வேளாண்மைத் துறை ஒரு கடிதம் அனுப்பியது: இது எங்கள் கட்டுப்பாட்டில் வராது. முடிந்தது கதை. சுற்றுச்சூழல் ஆய்வு இல்லை, பொதுமக்கள் கருத்து இல்லை, பக்கத்துக் காட்டுக்காரனுக்கு ஒரு வார்த்தை இல்லை. ஊருக்கு விஷயம் தெரிந்ததே அடுத்த ஜனவரியில்தான்.

வரிசையில் நின்றது யார் தெரியுமா? செஸ்ட்நட். 1904-இல் நியூயார்க்கில் தென்பட்ட ஒரு பூஞ்சை 300, 400 கோடி மரங்களைத் தின்று தீர்த்தது. அதைத் தாங்க கோதுமையின் மரபணு ஒன்றைக் கிருமி வழியாக ஏற்றியது ஒரு பல்கலைக்கழகம். விற்றுப் பணம் பண்ண அல்ல, காட்டில் திரும்ப நட. 2020-இல் மனு கொடுத்தார்கள். இரண்டு வருஷத்துக்கு மேல் கோப்பு புரட்டிய துறை, 2022 நவம்பரில் ‘டார்லிங் 58’ என்ற அந்த மரத்துக்குச் சாதகமாக ஒரு வரைவு அறிக்கை வெளியிட்டது. அடுத்த வருஷம் டிசம்பரில் அமெரிக்கச் செஸ்ட்நட் அறக்கட்டளை குண்டு போட்டது: அது டார்லிங் 58 இல்லை, டார்லிங் 54. ஆய்வுக்கூடத்திலேயே ஆள் மாறாட்டம்! தூக்கி வந்தவனைத் துருவித் துருவி விசாரித்த துறை, வந்து நிற்கும் மரம் எது என்று பார்க்கவில்லை.

லிவிங் கார்பன் கெட்டிக்காரக் கம்பெனி. பசுமைக் குடிலில் சோதித்த பாப்லருக்குக் கிருமி. 2023-இல் ஜார்ஜியா மண்ணில் நட்ட பாப்லருக்குத் துப்பாக்கி. விதியின் பிடி அவற்றின் மேல் விழவில்லை. ஏன் மாற்றினார்கள் என்று கேட்பவன் வெகுளி.

2020-இல் விதியைத் திருத்தத்தான் செய்தார்கள். எப்படி? விலக்குக்குத் தகுதி உண்டா என்று கம்பெனியே தீர்மானித்துக்கொள்ளலாம் என்று! 2024 டிசம்பரில் கலிபோர்னியா நீதிமன்றம் அதைத் தூக்கியெறிந்தது. பழைய விதி திரும்பி வந்தது. கிருமி மறுபடி சந்தேகப் பட்டியலில். தங்கத் துகள் விற்பவர்கள் நிம்மதியாகத் தூங்கலாம்.