டவர் எங்க நிக்குன்னு பாருலே

ஏலே பேராண்டி, ஆர்வி வண்டி வாடகைக்குப் பேசியாச்சு. டல்லாஸ்லேருந்து யெல்லோஸ்டோன் வரைக்கும் வழியும் போட்டாச்சு. லீவு மட்டும் போடலையாம். வண்டிக்குள்ள ஒக்காந்தே ஆபீஸ் வேலையப் பாப்பியாம். அதுக்குத் தோதா ஒரு போன் வேணும், எது வாங்கலாம்னு கேட்டு நிக்க. காட்டைப் பாக்கப் போறவனுக்கு லேப்டாப் எதுக்குலேன்னு கேட்டா, "தாத்தா, ஒங்களுக்கு ஒண்ணும் தெரியாது"ம்ப. சரிதான். ஒண்ணும் தெரியாதவன்கிட்ட என்னத்துக்கு யோசனை கேக்க?

கேட்டது கேட்டுட்ட. சொல்லுதேன், காதுல போட்டுக்கோ.

முப்பதடி நீளத்துக்கு வண்டி. உள்ள கட்டில், அடுப்பு, பிரிட்ஜ், கக்கூஸ். வீட்டை விட்டு நாலு நாள் வெளிய கெடக்கணும்னுதான் மனுசன் ஊர் சுத்தக் கெளம்புதான். நீ வீட்டையும் சேத்து ஓட்டிக்கிட்டுப் போற. போகட்டும். அந்தக் கக்கூஸ் தொட்டி நெறஞ்சதும் குழாய மாட்டி நீதான் தெறந்து விடணும், தெரியும்லா? அதுக்கு ஆப் எதுவும் வரலை. ஒன் பத்து வெரல்தான். அந்தப் போட்டோவ மட்டும் எவனும் ஊருக்கு அனுப்புத மாதிரி தெரியலை.

இப்போ போன் சோலிக்கு வருவோம். கடைக்குள்ள போனா அவன் என்னத்தக் காட்டுவான்? கேமரா எத்தனைன்னு காட்டுவான். கண்ணாடி எம்புட்டு ஒரம்னு தட்டிக் காட்டுவான். நீயும் வாயப் பொளந்து பாத்துக்கிட்டு நிப்ப. எந்த வழியா போற, ராத்திரி எங்க தங்குதன்னு ஒரு வார்த்தை கேப்பானா? அவனுக்கு என்ன வந்தது? அவன் விக்கிறது போனு. ஒனக்கு வேண்டியது டவரு. வயோமிங் பொட்டல்ல டவர் இல்லைன்னா ஆயிரம் டாலர் போன வச்சு டார்ச்சு அடிக்கலாம், மணி பாக்கலாம். வேற என்ன செய்வ?

அமெரிக்காவுல நாடு பூரா டவர் போட்டு வச்சிருக்க பெரிய வீடு மூணு. வெரிசான், ஏடி அண்ட் டி, டி-மொபைல். ஸ்பிரிண்ட்னு நாலாவதா ஒருத்தன் இருந்தான். 2020ல அவனை டி-மொபைல் சேத்துக்கிட்டான். மத்த கடைக்காரனுவ முக்காவாசிப் பேரு இந்த மூணு பேர்ட்ட டவரை வாங்கித்தான் யாவாரம் பண்ணுதானுவ. மிண்ட்டுக்கு டி-மொபைல் டவரு. விசிபிளுக்கு வெரிசான். கிரிக்கெட்டுக்கு ஏடி அண்ட் டி. துட்டு கொறச்சல்தான், இல்லைங்கலை. ஆனா டவர்ல கூட்டம் சேந்துட்டா கல்யாண வீட்டுப் பந்தி கணக்குதான். கூடத் துட்டு குடுத்தவன் மொதப் பந்தியில ஒக்காந்து நெதானமா சாப்பிடுவான். சல்லிசா வந்தவன் எலைக்குக் காத்துக் கெடக்கணும்.

அப்போ மூணுல எவன் நல்லவன்? கூறுகெட்ட கேள்விலே இது. நீ போற ரோட்டுல எவன் டவர் நட்டிருக்கானோ அவன் நல்லவன். கம்பெனிக்காரன் வரைஞ்ச படத்தப் பாத்தா கடல் தொட்டுக் கடல் வரைக்கும் சாயம் பூசியிருக்கும். கவர்மெண்டு எஃப்சிசிக்காரன் 2022 கடைசியில ஒரு படம் போட்டான். அதுல வெளிய நின்னா எப்படி எடுக்கும், வண்டிக்குள்ள இருந்தா எப்படி எடுக்கும்னு தனித்தனியாக் காட்டும். வண்டிக்குள்ளங்கறத அமுக்கிப் பாரு. அதுக்கும் கணக்குக் குடுக்கிறது அதே கம்பெனிக்காரனுவதான், ஆனா தப்புன்னு தெரிஞ்சா நீ எதுத்துச் சொல்ல வழி வச்சிருக்கான்.

இதைவிட லேசா ஒரு வழி இருக்கு. ஒனக்குத்தான் தோணாது, மனுசங்ககிட்ட பேசணும்லா! ராத்திரி தங்கப் போற கேம்ப்கிரவுண்டுக்கு ஒரு போன் போடு. "அம்மா, ஒங்க எடத்துல எந்தக் கம்பெனி எடுக்கு?"ன்னு கேளு. வருசம் பூரா அங்கனயே கெடக்குத பொம்பளைக்குத் தெரியாததா படத்துக்குத் தெரியப் போவுது? அங்க வைஃபை இருக்குன்னு சொல்லுவா. இருக்கும். சாயங்காலம் ஆனதும் அம்புட்டு வண்டிக்காரனும் அதுலதான் படம் பாப்பான். நீ மீட்டிங் போட்டா ஒன் மூஞ்சி பாதி வாயோட ஒறஞ்சு போய் நிக்கும்.

சரி, போனுதான் எதுன்னு கேக்க. அலைவரிசையப் பாத்து வாங்குலே. 600, 700 மெகாஹெர்ட்ஸ்ல வாரது தூரமாப் போவும், செவுத்தையும் தொளைக்கும். பட்டணத்துல படு வேகமா ஓடுதே ஒரு 5ஜி, மில்லிமீட்டர் அலைன்னு சொல்லுதாவளே, அது மரத்துல பட்டாலே மொடங்கிப் போவும். நாலு தெரு தாண்டாது. அத நம்பிக் காட்டுக்குப் போறது உண்டா? டி-மொபைலுக்கு 71ஆம் பேண்டு, வெரிசானுக்கு 13, ஏடி அண்ட் டிக்கு 12ம் 14ம் போன்ல இருக்கான்னு பாரு. ஒங்கப்பன் ஊர்ல வாங்கி அனுப்புன போன்ல இதுல பாதி இருக்காது. அது அங்கத்த டவருக்குன்னு செஞ்சது. பழைய 3ஜி போன எடுத்துட்டுப் போயி ஒப்பேத்தலாம்னும் நெனைக்காத. மூணு பேரும் 2022லயே 3ஜிய மூட்டை கட்டிட்டானுவ. ஏடி அண்ட் டி தன் பட்டியல்ல பேர் இல்லாத போனை வாசல்லயே நிறுத்திப்புடும்.

"தாத்தா, இனாமாவே ஒரு போன் தாராவ"ம்ப. இனாமா? ரெண்டு மூணு வருசம் அவன் பிளான்லயே கெடந்தா மாசாமாசம் பில்லுல கொஞ்சங் கொஞ்சமாக் கழிப்பான். நடுவுல வெளிய வந்தா மிச்சத் துட்ட எடுத்து வையிம்பான். பெரும்பாலும் அதுவரைக்கும் போனுக்குப் பூட்டு. மொன்டானாவுல அவன் டவர் எடுக்கலை, அடுத்தவன் சிம்மைப் போடுவோம்னா போட முடியுமா? பூட்டில்லாத போனா, சொந்தக் காசுல வாங்கு. 2022 செப்டம்பர்லேருந்து அமெரிக்காவுல வார புது ஐபோன் மாடல்ல சிம் போட ஓட்டையே கெடையாது, இ-சிம்தான். ஒரு விதத்துல அது நல்லதுதான். ஒரே போன்ல ரெண்டு லைன் வச்சுக்கலாம். ஒண்ணு வெரிசான் டவர்ல ஓடுதுன்னா இன்னொண்ணு டி-மொபைல் டவர்ல ஓடுத மாதிரி மாசக் காசு கட்டிப் போட்டுக்கோ. ஊர் திரும்பினதும் நிறுத்திரு. மூணாவது கேமராவுக்குக் குடுக்கிற துட்டுல ரெண்டாவது லைனே வாங்கிரலாம்லே.

ஹாட்ஸ்பாட்டை மறந்துராத. போனுக்கு எம்புட்டு வேணும்னாலும் டேட்டாம்பான். லேப்டாப்புக்குக் கடத்தும்போதுதான் பொடி எழுத்துல ஒரு அளவு வச்சிருப்பான். அதத் தாண்டினா மெகாபிட்டு போயி கிலோபிட்டு கணக்குல வரும். வீடியோ மீட்டிங்கு மணிக்கு ஏறக்குறைய ஒரு ஜிபி தின்னும். ஆபீஸ்ல கேமராவப் போடச் சொன்னாவளா? இல்லலா? ஜன்னலுக்குப் பின்னால மலை தெரியணும், அவனுவ வயிறெரியணும், அதுக்குத்தானே கேமரா? அணைச்சு வையி. பேச்சு மட்டும்னா டேட்டாவும் மிச்சம், ஒத்தக் கோடு சிக்னல்லயும் ஓடும்.

வண்டிக்குள்ள வரமாட்டேங்குன்னு பொலம்புவ. அது என்ன ஓலைக் குடிசையா? தகரம். ஏர்ஸ்ட்ரீம் வண்டின்னா மேல்கூடு அலுமினியம். சிக்னல் எங்கன நுழையும்? கதவத் தெறந்து வெளிய ரெண்டு எட்டு வையி. அதுக்குள்ள எவனாவது பூஸ்டர் வாங்கும்பான். கூரை மேல ஒரு ஆண்டெனா, உள்ள ஒரு பெட்டி. வெளிய கொஞ்சமாச்சும் சிக்னல் இருந்தா அதப் பெருக்கி உள்ள கொண்டாரும், நெசந்தான். மாட்டுனா கம்பெனிக்காரன்ட்ட பதிஞ்சும் வைக்கணும். ஆனா வெளிய சுத்தமா இல்லாத எடத்துல? பூஜ்யத்த எத்தனையால பெருக்குனாலும் என்ன வரும்னு ஒங்க வாத்தியார் சொல்லித் தரலையா?

அடுத்து வானத்துக்குப் போவ. சேட்டிலைட்லேருந்து நெட்டு தார ஸ்டார்லிங்க்காரன் 2022ல ஆர்விக்குன்னே ஒரு பிளானு கொண்டாந்தான். காட்டுக்குள்ள நெசமாவே வேலை பாக்கணும்னா அதுதான் உருப்படி, நான் மறுக்கலை. ஆனா அதுக்கு வானம் தெறந்து கெடக்கணும். மேல மரக்கெளை மறைச்சா அறுந்து அறுந்து வரும். இப்போ வேடிக்கையப் பாரு. ஆடி வெயில்ல மனுசன் என்ன செய்வான்? மரத்தடி நெழலாப் பாத்து நிறுத்துவான். நீ நெழலை விட்டுட்டு வெட்டவெளியத் தேடி நிறுத்தணும். தகரம் காயும். ஏசியப் போடணும். ஏசிக்கு ஜெனரேட்டரப் போடணும். அது போடுத சத்தத்துல மீட்டிங்கு காதுல விழாது. பக்கத்து வண்டிக்காரன் வந்து கதவத் தட்டுவான். காத்தாட ஒக்காரணும்னு அம்புட்டுத் தூரம் பெட்ரோல் ஊத்திப் போயி, மரத்தப் பாத்து, "சனியன், சிக்னல மறைக்கு"ன்னு வையிவ பாரு, அந்தக் கூத்தக் காண நானும் வரணும்னு இருக்கு.

ஐபோன்ல 2022லேருந்து ஆபத்து அவசரத்துக்கு சேட்டிலைட் வழியா சேதி அனுப்புத வசதி வச்சிருக்கான். அது வேணும், வச்சுக்கோ. காலு முறிஞ்சா உதவும். மீட்டிங்கு போட ஆகாது.

சில எடத்துல எவன் டவரும் எடுக்காது, அதையும் தெரிஞ்சுக்கோ. யெல்லோஸ்டோன் கிட்டத்தட்ட 9,000 சதுர கிலோமீட்டர். ஓல்ட் பெய்த்புல், மேமத் மாதிரி ஆளு பொழங்குத எடத்துலதான் டவரு. கோடைக் கூட்டத்துல அங்கயும் நெட்டு நகராது. திரும்பும்போது யூட்டா வழியா வந்தா, ஐ-70 ரோட்டுல கிரீன் ரிவர்லேருந்து சலைனா வரைக்கும் ஏறக்குறைய 110 மைலுக்குப் பெட்ரோல் பங்கே கெடையாது. பெட்ரோலே இல்லாத எடத்துல நெட்டத் தேடுவியா? மேப்ப மொதல்லயே எறக்கி வச்சுக்கோ. பார்க் வாசல்ல காயிதத்துல மேப்பு தருவான், சார்ஜே போடாண்டாம்.

ஒன் வழியில வராது, ஆனாலும் கேளு. வெஸ்ட் வர்ஜீனியாவுல கிரீன் பாங்க்னு ஒரு ஊரு இருக்கு. நூறு மீட்டர் அகலத்துல ஒரு ரேடியோ டெலஸ்கோப்பு அங்க வானத்தப் பாத்து ஒட்டுக் கேட்டுக்கிட்டு இருக்கு. இந்த மாதிரி டெலஸ்கோப்புக்கு எடைஞ்சல் வரக் கூடாதுன்னு 1958லயே சுத்துவட்டாரத்துல 13,000 சதுர மைல அமைதி மண்டலம்னு வேலி போட்டுட்டாவ. டெலஸ்கோப்பு பக்கத்துல டவருக்கு அம்புட்டுக் கெடுபிடி. அங்கயும் சனங்க சமைக்காவ, சாப்பிடுதாவ, புள்ள குட்டி பெத்து வளக்காவ. எப்படிம்ப?

சொச்சம் ஒண்ணுதான். பெரிய மீட்டிங்கு இருக்க அன்னைக்குக் காட்டுக்குள்ள போவாத. முந்துன ராத்திரியே ஒரு சின்ன டவுனாப் பாத்துத் தங்கு. அமெரிக்காவுல சின்ன ஊருலயும் பொது லைப்ரரி இருக்கும், வைஃபை இனாமாவே தருவான். பல எடத்துல வாசல்ல வண்டிய நிறுத்துனாலே எடுக்கும். மிச்ச நாளுக்கு மேனேஜர்ட்ட இப்பவே சொல்லி வையி, புதன், வியாழன் யெல்லோஸ்டோனுக்குள்ள இருப்பேன், அங்க சிக்னல் கெடையாதுன்னு. கெடைக்குத எடம் நாலஞ்சு இருக்கே தாத்தாங்கியா? அந்த நாலஞ்சு எடம் எதுன்னு அந்தாளுக்கா தெரியப் போவுது?