வேலை முடிந்தது, பாக்கி எங்கே?

கேள்வி: டைல்ஸ் வேலை முடித்து எட்டு மாதம் ஆயிற்று. 4 லட்சம் பாக்கி. டல்லாஸில் இருக்கும் என் மைத்துனர், "அந்த வீட்டின் மேலேயே லீன் போடுங்கள், பணம் தராமல் விற்க முடியாது" என்கிறார். ஹைதராபாத்தில் இதை எங்கே போடுவது?
— கான்ட்ராக்டர், மியாப்பூர்

பதில்: எங்கேயும் போட முடியாது. மைத்துனர் சொல்வது அவர் ஊருக்குச் சரி. வாஷிங்டன் நகரைக் கட்ட ஆள் தேடிய காலத்தில், அமெரிக்கத் தலைவர்கள் ஜெஃபர்சனும் மேடிசனும் ஆதரிக்க, 1791-ல் மேரிலாந்தில் பிறந்த சட்டம் அது. மைத்துனர் இருக்கும் டெக்சாஸில் அரசியல் சாசனத்திலேயே அந்த உரிமை இருக்கிறது. இந்தியாவில், கட்டியவருக்குக் கட்டடத்தின் மேல் தானாக வரும் பிடி எதுவும் இல்லை. சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீசில் நீங்கள் கொடுக்கும் மனுவால் வில்லங்கச் சான்றில் ஒரு வரியும் ஏறாது. வழக்குப் போட்டு, "உங்கள் பணத்தை ஏமாற்றவே வீட்டை விற்கப் பார்க்கிறார்" என்று காட்டினால், தீர்ப்புக்கு முன்பே நீதிமன்றம் ஜப்தி செய்யலாம். அதை அத்தனை எளிதில் செய்யாது. வீட்டுக்குக் கடன் கொடுத்த வங்கிக்கு அடமானம் இருக்கிறது. முட்டி தேயத் தரை போட்டவருக்கு வெறும் பில்தான். இது பெரிய அநீதி. நாடாளுமன்றம் சரிசெய்ய வேண்டியது.

கேள்வி: அப்படியென்றால், பதித்த கிரானைட்டை நானே பெயர்த்து எடுத்துவந்துவிடலாமா?
— மேஸ்திரி, உப்பல்

பதில்: வேண்டவே வேண்டாம். இன்று வீட்டுக்காரர் கடன்காரர். கடப்பாரையோடு உள்ளே போனால் நாளை நீங்கள் குற்றவாளி.

கேள்வி: நான் தச்சர். வார்ட்ரோப் தயார், பட்டறையில் நிற்கிறது. பணம் வரும்வரை வைத்துக்கொள்ளலாமா?
— கூகட்பள்ளி

பதில்: தாராளமாக, கடனுக்குத் தருவதாக ஒப்புக்கொள்ளாதவரை. மரம் வாடிக்கையாளருடையது என்றால் 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 170-ம் பிரிவு உங்கள் பக்கம். மரமும் உங்களுடையது என்றால் 1930-ம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டம். சுவரில் மாட்டிவிட்டால் இந்தப் பிடி போயிற்று. ஆகவே மாட்டும் முன் கணக்கைத் தீருங்கள்.

கேள்வி: செக் கொடுத்தார், திரும்பி வந்துவிட்டது.
— செகந்திராபாத்

பதில்: அப்படியானால் உங்கள் கை மற்றவர்களைவிட ஓங்கியிருக்கிறது. வங்கி தகவல் தந்த 30 நாளுக்குள் நோட்டீஸ். அது அவர் கைக்குப் போய் 15 நாளில் பணம் வராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ம் பிரிவில் புகார். "நாளை தருகிறேன்" என்று அவர் சொல்லும் ஒவ்வொரு நாளும் இந்தக் கணக்கில்தான் கழியும்.

கேள்வி: சிறுதொழில் சட்டத்தில் வட்டியோடு வாங்கலாமாமே?
— பெயின்டிங் கான்ட்ராக்டர், எல்.பி. நகர்

பதில்: 2006-ம் ஆண்டுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாளுக்கு மேல் இழுக்கக் கூடாது. இழுத்தால் ரிசர்வ் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. இந்தச் சட்டப்படி புகாரை விசாரிக்கும் மன்றத்தின் தீர்ப்பை எதிர்க்க விரும்பும் வாங்குநர் 75 சதவீதத்தைக் கட்டிவிட்டுத்தான் நீதிமன்றம் ஏற முடியும். ஆனால் பொருளும் கூலியும் கலந்த கட்டுமான ஒப்பந்தம் இதில் வராது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் போன்றவை சொல்லியிருக்கின்றன. வேலைக்குப் பிறகு பதிவு செய்தால் பலன் உண்டா என்பதிலும் சண்டை ஓய்ந்தபாடில்லை. உத்யம் பதிவு இலவசம். வேலை எடுக்கும் முன்பே செய்துவிடுங்கள்.

கேள்வி: மேஸ்திரி கூலி தராமல் ஊரைவிட்டே போய்விட்டார். பில்டர் "எனக்குத் தெரியாது" என்கிறார்.
— சித்தாள், கச்சிபவுலி

பதில்: தெரியாது என்று அவர் தட்டிக்கழிக்க முடியாதம்மா. கான்ட்ராக்டர் கூலி தராவிட்டால் வேலை கொடுத்த முதலாளியே தர வேண்டும் என்று 1970-ம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் சொன்னது. 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தொகுப்பும் பெரிய நிறுவனங்களுக்கு அதையே சொல்கிறது. உடன் வேலை செய்தவர்களையும் கூட்டிக்கொண்டு தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போங்கள். வருகைப் பதிவின் போட்டோ இருந்தால் எடுத்துப் போங்கள்.

கேள்வி: மூன்று வருடம் பொறுமையாகக் காத்திருந்தேன். இப்போது வழக்குப் போடலாமா?
— பிளம்பர், நிஜாம்பேட்டை

பதில்: பணம் தரும் தேதி எதுவும் பேசவில்லை என்றால், வேலை முடிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுதான் கெடு. இன்றே வக்கீலைப் பாருங்கள். இடையில் அவர் பாக்கியை எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டிருந்தால், அந்தத் தேதியிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு. பழைய பில் கட்டைப் பிரித்து அந்தக் கையெழுத்தைத் தேடுங்கள்.