குனிந்து பேசினால் உயரம் கூடும்

கேள்வி: என் மகனுக்கு உயரம் கூடாத குறைபாடு. பார்க்கிறவர்கள் எல்லாம் ‘ஐயோ பாவம்’ என்கிறார்கள். அதுவும் அன்புதானே?
– ஒரு தாய், கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்

பதில்: அவர்கள் மனசு நல்லதுதான், சகோதரி. ஆனால் ‘ஐயோ பாவம்’ என்று நூறு பேர் சொன்னால் பிள்ளை தலை குனிவான். ‘விளையாட வாடா’ என்று ஒருவன் கூப்பிட்டால் நிமிர்வான்.

உங்கள் கேரளத்திலேயே சாட்சி இருக்கிறது. நடிகர் அஜயகுமாரின் உயரம் சுமார் இரண்டரை அடி. 2005-ல் இயக்குநர் வினயன் ‘அத்புத த்வீப்’ மலையாளப் படத்தில் அவருக்கு முக்கிய வேடம் தந்தார். கின்னஸ் சாதனை வந்தது. ‘கின்னஸ் பக்ரு’ என்ற பெயரும் நிலைத்தது. தமிழில் ‘டிஷ்யூம்’ (2006) படத்தில் நாமும் ரசித்தோம். 2013-ல் ‘குட்டீம் கோலும்’ படத்தை அவரே இயக்கினார். வாய்ப்பாக வருகிற அன்புதான் ஆளை வளர்க்கும்.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் குள்ளத்தன்மையும் உண்டு. சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள், அது அவன் உரிமை.

ஊராருக்கு ஒரு வேண்டுகோள்: அந்தப் பிள்ளையிடம் கொஞ்சம் குனிந்து, கண்ணைப் பார்த்துப் பேசுங்கள். அதனால் உங்கள் உயரம் குறையாது, கூடும்.