ஆய்வுக் கூட்டத்தைத் தேடி

மாண்புமிகு மாதாந்திர ஆய்வுக் கூட்டம் அவர்களின் பொற்பாதங்களுக்கு,

போன செவ்வாய்க்கிழமை தங்கள் சந்நிதியில் மூன்று மணி நேரம் நின்றும், வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையில் 'ஆப்சென்ட்' வாங்கிய பெண் சுகாதாரத் தன்னார்வலர் எழுதிக்கொள்வது. அறுபது பேருக்கு நாற்பது நாற்காலி என்பதால் கதவோரம் நின்றேன். நிலைப்படிக்கு உள்ளே நின்றால்தான் கூட்டம், வெளியே நின்றால் வராண்டா என்ற நுட்பம் எனக்குத் தெரியாமல் போயிற்று. "வர முடியலைன்னா எழுதிக் குடுத்துட்டு வீட்டுல இரும்மா" என்று மைக்கிலேயே அருள்வாக்கு கிடைத்தது. வெளியே ஓ.பி. சீட்டு வாங்க நின்றவர்களுக்கும் அது கேட்டது. அதில் இரண்டு பேர் என் தெருக்காரர்கள். மாதாமாதம் நான் பிரஷர் பார்க்கிறவர்கள்.

எங்கள் திட்டத்தின் பெயர் மக்களைத் தேடி மருத்துவம். 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய நாளிலிருந்து எல்லாமே தேடித்தான் நடக்கிறது. மருத்துவம் மக்களைத் தேடிப் போகிறது. 2024இல் ஐ.நா. விருதே திட்டத்தைத் தேடி வந்தது. நாங்கள் மட்டும் கூட்டத்தைத் தேடி, அதற்குப் பஸ்ஸைத் தேடி, பஸ் போனபின் ஷேர் ஆட்டோவைத் தேடி, வந்து சேர்ந்தால் நாற்காலியைத் தேடி, நடுவில் பூட்டிய கழிப்பறைக்குச் சாவியைத் தேடி…

தங்கள் வருகை வாட்ஸ்அப் குழுவில் முந்தின நாள் இரவு 10.40க்கு அறிவிக்கப்படும். காலை 9.30க்குக் கூட்டம், 'தவறாமல் கலந்துகொள்ளவும்', பக்கத்தில் மூன்று கும்பிடு. எங்கள் ஊருக்கு டவுன் பஸ் 7.50க்கு ஒன்று, விட்டால் 11 மணிக்கு. மகளிருக்கு டிக்கெட் இல்லை, வாஸ்தவம். நிறுத்தத்தில் மகளிர் மட்டும் நின்றால் சில நாள் பஸ்ஸும் இல்லை. ஆட்டோவுக்குப் போக வர 80 ரூபாய். ஆஷா பணியாளருக்காவது மாதக் கூட்டத்துக்கென்று தேசிய ஊக்கத்தொகைப் பட்டியலில் ஒரு வரி உண்டு. 4,500 ரூபாய் ஊக்கத்தொகைக்கு (சம்பளம் என்றால் கோபித்துக்கொள்வீர்கள்) சேர்ந்த என்னை, பயணப்படி இன்றுவரை தேடி வந்ததில்லை.

அன்று ஏன் பஸ்ஸை விட்டேன் என்றால், ஏழு மணிக்குக் கீழத்தெருப் பெரியவருக்கு சுகர் பார்க்கப் போனேன். விரலில் குத்தி ஸ்ட்ரிப்பில் சொட்டு வைத்தால் திரையில் எண்ணே வரவில்லை. 'ஹை' என்று வந்தது. என் மீட்டரில் அப்படி வந்தால் 600ஐத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். பெரியவருக்கு நாக்கு வறண்டு பேச்சு குழறியது. 108ஐக் கூப்பிட்டு, வண்டி வரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். இதைச் சொல்ல வாயெடுத்தபோது, "காரணம் வேண்டாம், கவரேஜ் சொல்லு" என்றார்கள்.

ஒன்று கேட்கிறேன். தன்னார்வலர் என்கிறீர்கள். அப்புறம் ஆப்சென்ட் எதற்கு? பன்னிரண்டே காலுக்கு ஜீப்பில் வந்து இறங்கிய அதிகாரிக்கு எந்த மையில் குறித்தீர்கள்? ஸ்ட்ரிப் தீரப்போகிறது என்று சொல்ல அந்த மூன்று மணி நேரத்தில் ஒருத்திக்காவது மைக்கைக் கொடுத்தீர்களா? திட்டுவதற்கு மட்டும்தானா மைக்?

மன்னிக்கவும். சிவப்பு மை என் பேனாவிலும் கொஞ்சம் ஏறிவிட்டது.

கருணைக்கடலே, ஒரே ஒரு விண்ணப்பம். ஒரு மாதமாவது தாங்கள் எங்களைத் தேடி எழுந்தருளக் கூடாதா? துணை சுகாதார நிலையத்துத் திண்ணையில் பாய் விரித்து வைக்கிறோம், நாற்காலிக் கவலை இல்லை. 11 மணி பஸ்ஸில் ஏறினால்கூடப் போதும். தங்கள் வழக்கமான நேரத்துக்கு முன்பே வந்துவிடலாம்.

இப்படிக்கு,
கதவோரத்து ஆப்சென்ட்

பி.கு.: பெரியவர் வீடு திரும்பிவிட்டார். "கூட்டத்துக்கு நேரத்துக்குப் போய்ட்டியாம்மா?" என்று விசாரித்தார்.