ஆறு இஞ்ச் உயரம்: அண்ணாச்சிகளுக்கு ஒரு வழிகாட்டி

பிக்கப் வாங்கியாயிற்று. முன் கண்ணாடியில் குலசாமி பெயரும் எழுதியாயிற்று. வாரம் முழுக்கச் சேர்மாதேவி, களக்காடு பக்கம் வாழைத்தார் ஏற்றுகிறீர்கள். கொடை சீசன் வந்துவிட்டால் பின் கொக்கியில் ஜெனரேட்டர் வண்டியை மாட்டி ஊர் ஊராக இழுக்கிறீர்கள். நல்ல பிழைப்பு. ஒரே குறை, கம்பெனியிலிருந்து வந்த உயரத்திலேயே வண்டி நிற்கிறது. பக்கத்துத் தெருப் பையன் தூக்கிக் கட்டிய ஜீப்பில் வந்து உங்கள் வண்டிக் கூரையைக் குனிந்து பார்க்கிறான். மானமுள்ள மனுசன் எத்தனை நாள் பொறுப்பான்?

கீழே உள்ளவற்றை வரிசை மாறாமல் செய்யுங்கள். பாதியை ஏற்கெனவே முடித்திருப்பீர்கள், தெரியும். மீதிக்குத்தான் இந்தக் கட்டுரை.

1. எடைமேடைப் பக்கம் போகாதீர்கள்.

இழுவை வண்டிக்கு எடைதான் முதல் கணக்கு என்று சிலர் குறுக்கே வருவார்கள். என்ன எடையை இழுக்கிறோம் என்று தெரிந்தால்தான் கியர் விகிதம் தெரியும், அது தெரிந்தால் டயர், டயர் தெரிந்தால் உயரம் என்பார்கள். அப்படியே தலைகீழாகப் பிடித்துக்கொள்ளுங்கள். முதலில் உயரம். ஜெனரேட்டர் எவ்வளவு கனம் என்பது, "நாலு பேர் தள்ளினா நகருது" என்ற அளவில் தெரிந்தால் போதும். ஆர்சியில் வெறும் வண்டியின் எடை, சரக்கோடு மொத்த எடை என்று இரண்டு எண் அச்சடித்திருக்கும். அதை உறைபோட்டு பீரோவில் பத்திரமாக வையுங்கள். டிரெய்லரும் சட்டப்படி மோட்டார் வாகனம்தான், அதற்கும் தனிப் பதிவு வேண்டும் என்று யாராவது சொன்னால், அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

2. உயரம் எவ்வளவு என்று ஆற்றிடம் கேளுங்கள்.

ஏன் தூக்குகிறாய் என்று வீட்டில் கேட்பார்கள். 2023 டிசம்பரைச் சொல்லுங்கள். 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் திருச்செந்தூர் ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு சிக்கி நின்றது. தாமிரபரணி குறுக்குத்துறை முருகனையே மூழ்கடித்துவிட்டுப் போனது. இவ்வளவையும் சொல்லிவிட்டு, "அதான் ஆறு இஞ்ச்" என்று முடியுங்கள். ஆறு இஞ்ச் என்றால் பதினைந்து சென்டிமீட்டர். ரயிலை நிறுத்திய வெள்ளத்துக்கு எதிராக ஒரு பள்ளிக்கூட ஸ்கேல் நீளம். வீட்டில் யாரும் கணக்குப் போடமாட்டார்கள்.

இதில் ஒரு ரகசியம் உண்டு, வெளியே சொல்லாதீர்கள். ஸ்பிரிங் பட்டைக்கும் அச்சுக்கும் நடுவில் கட்டை வைத்துத் தூக்கினால் சேஸும் கேபினும் மேலே போகும். அச்சு இருந்த இடத்திலேயே இருக்கும். நடுவில் பானை மாதிரி தொங்குகிறதே டிஃபரன்ஷியல், அதற்கும் தரைக்கும் உள்ள இடைவெளி ஒரு நூல்கூடக் கூடாது. கல்லில் இடிப்பது அதுதான், தண்ணீரில் முதலில் முங்குவதும் அதுதான். ஓடிச் சூடான ஹவுசிங் குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். சுருங்கும்போது பிரீதர் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். ஆயில் டீ நிறத்துக்கு வந்துவிடும். பிரீதரில் ஒரு ரப்பர் குழாய் மாட்டி மேலே கொண்டுபோய்க் கட்டினால் தீர்ந்தது. ஆனால் ரப்பர் குழாய் போட்டோவில் தெரியாதே, அண்ணாச்சி. வேண்டாம்.

தார் ஜீப் 650 மில்லிமீட்டர் தண்ணீர் வரை இறங்கும் என்று மகிந்திராவே சொல்கிறது. இப்படி ஒரு அளவு சொல்லுமுன் என்ஜின் எங்கே மூச்சு விடுகிறது, எந்த ஒயர் எங்கே போகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். நீங்கள் கட்டையை மட்டும் பாருங்கள்.

3. மலிவான வழியில் தூக்குங்கள்.

பட்டறையில் உங்களுக்கு இரண்டு மூன்று வழி காட்டுவார்கள். பட்டைக்கு அடியில் இரும்புக் கட்டை, நீளமான யு போல்ட். அல்லது நீளமான சேக்கிள். அல்லது பழைய லாரியில் கழற்றிய இரண்டு பட்டை. மூன்றையும் ஒரே நாளில் செய்யச் சொல்லுங்கள், கூலி குறையும்.

இனி என்ன நடக்கும் என்று கவலைப்படாதீர்கள், அது தானாக நடக்கும். கியர்பாக்ஸின் உயரம் கூடியது, அச்சின் உயரம் கூடவில்லை. நடுவில் ஓடும் புரொப்பல்லர் ஷாஃப்ட் சரிந்து நிற்கும். யுஜே கிராஸ் ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் முனக ஆரம்பிக்கும். பாட்டைச் சத்தமாக வையுங்கள்.

பின் கொக்கியும் ஆறு இஞ்ச் மேலே போய்விட்டது. அதைத் திரும்ப இறக்கி மாட்டுவதற்குத் தனி இரும்பு இருக்கிறது, தொடாதீர்கள். ஜெனரேட்டர் வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு வரட்டும், பார்க்கக் கம்பீரமாக இருக்கும். இழுவைக்காரர்கள் சொல்லும் ஒரு பழைய கணக்கு உண்டு: டிரெய்லரின் எடையில் பத்தில் ஒரு பங்காவது கொக்கியில் அழுந்த வேண்டும். ஆயிரம் கிலோ என்றால் நூறு கிலோ. மூக்கு தூக்கினால் அந்த எடை பின்பக்கம் நழுவும், கொக்கி லேசாகும், டிரெய்லர் வாலாட்டும். வாலாட்டத்தை நன்றாக ரசிக்க வேண்டுமானால் ஆடியில் பணகுடி தாண்டி ஆரல்வாய்மொழிப் பக்கம் போங்கள். முப்பந்தலில் அத்தனை காற்றாடியையும் சுற்றுகிற காற்று உங்களுக்காகவும் கொஞ்சம் வீசும்.

4. டயரின் பக்கவாட்டில் எழுதியிருப்பதைப் படிக்காதீர்கள்.

215/75 ஆர் 15 என்று உங்கள் டயரில் இருக்கிறதென்று வையுங்கள். அகலம் 215 மில்லிமீட்டர், அதில் 75 சதவீதம் பக்கச் சுவரின் உயரம், உள்ளே 15 இஞ்ச் டிஸ்க். கூட்டினால் மொத்த உயரம் 703 மில்லிமீட்டர் சொச்சம். நீங்கள் ஆசைப்படுவது 265/75 ஆர் 15. அது 778 சொச்சம். எழுபத்தைந்து மில்லிமீட்டர் வித்தியாசத்தில் பாதிதான் அச்சை உயர்த்தும், ஒன்றரை இஞ்ச். பானையைத் தரையிலிருந்து உண்மையாகவே தூக்கியது இதுவரை இந்த ஒன்றரை இஞ்ச் மட்டும்தான். பரவாயில்லை, மொத்தம் ஏழரை. ஏழரை என்றதும் சனியை நினைக்காதீர்கள்.

டயர் மட்கார்டில் உரசும். கட்டிங் மெஷினால் வெட்டிவிடுங்கள்.

பெரிய டயர் என்றால் அதிக எடை தாங்கும் என்று நம்புங்கள். என் மச்சான் அப்படித்தான் நம்பினான். தாங்கும் எடைக்குத் தனி எண் இருக்கிறது, அதுவும் அதே பக்கச் சுவரில்தான். ஜீப்புக்கென்று செய்த அகலமான மட் டயர், பிக்கப்புக்கென்று செய்த ஒல்லி டயரைவிடக் குறைந்த எடை தாங்குவதாக இருக்கலாம். மச்சான் அதை வாழைத்தார் லோடோடு சாலையோரத்தில் நின்று, சாவகாசமாக, டார்ச் அடித்துப் படித்தான்.

சேற்றுக்காகத்தானே மட் டயர் என்று சொல்லிக்கொள்ளுங்கள். பிசானத்துக்கு உழவு நடக்கும்போது வயலுக்குள் இறங்கப்போவது டிராக்டர், நீங்கள் நிற்பது தார்ரோட்டில். இருந்தாலும் அந்த ஊளைச் சத்தம் வேறு எந்த டயரில் வரும்?

ஸ்பீடோமீட்டர் இனிமேல் பொய் சொல்லும். முள் 60 காட்டினால் நீங்கள் 66 தாண்டியிருப்பீர்கள். பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடியதை ஒன்பதாயிரம் சொச்சம் என்று காட்டும். விற்கும்போது லாபம். மைலேஜ் பார்க்கும்போது மட்டும் "டீசல்ல கலப்படம்" என்று பங்க்காரரைத் திட்டுங்கள்.

5. கிரௌன் பினியனைப் பற்றிப் பேச்சே எடுக்காதீர்கள்.

இதுதான் உயிர்நாடி, ஆகவே இதைக் கட்டாயம் விட்டுவிட வேண்டும். பானைக்குள் இரண்டு பல்சக்கரம் இருக்கிறது. சின்னது 4.1 சுற்று சுற்றினால் பெரியது ஒரு சுற்று சுற்றும் என்று வையுங்கள். டயர் பத்தே முக்கால் சதவீதம் பெருத்துவிட்டதால் அந்த 4.1 இப்போது 3.7 போலத்தான் வேலை செய்யும். பழைய இழுவை திரும்ப வேண்டுமானால் 4.5 பக்கம் பல் மாற்ற வேண்டும். நாலு சக்கரமும் இழுக்கும் வண்டியானால் முன்னாலும் பின்னாலும் சேர்த்து மாற்ற வேண்டும், ஒன்றை மட்டும் மாற்றினால் இரண்டு அச்சும் சண்டைபோட்டு ஏதாவது ஒன்று உடையும். செலவு அதிகம். வேலை முடிந்தாலும் வெளியே ஒன்றும் தெரியாது. ஆகவே அந்தக் காசில் கூரைமேல் எல்இடி பார் வாங்குங்கள்.

பிறகு ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனாரைப் பார்க்க, குடும்பம், பாத்திரம், ஆட்டுக்கிடா சகிதமாகப் பாபநாசத்திலிருந்து மலை ஏறுங்கள். கொண்டை ஊசி வளைவில் இரண்டாம் கியர் இழுக்காது, முதல் கியருக்கு வாருங்கள். அதுவும் திணறும். கிளட்சைப் பாதி மிதித்து ஏற்றுங்கள். சற்று நேரத்தில் கேபினுக்குள் ஒரு புகை வரும். ஆத்தா சாம்பிராணி என்று கன்னத்தில் போட்டுக்கொள்வாள். ஒன்றும் சொல்லாதீர்கள், கிளட்ச் பிளேட் என்று சொன்னால் நேர்ச்சை கெட்டுவிடும்.

இறங்குவது இன்னும் சுகம். உயர்ந்த கியரில் என்ஜின் வண்டியைப் பிடித்து நிறுத்தாது. பெரிய டயரைப் பிரேக் பிடிக்க முன்பைவிட அதிக பலம் வேண்டும், பிரேக்கோ பழைய அளவுதான். கேரளாவுக்கு வாழைத்தார் கொண்டுபோகிறவர்கள் புளியரை எஸ் வளைவில் இதைத் தனியாகப் பயிற்சி செய்யலாம். முன்னால் போகிற லாரியின் பின்பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று துல்லியமாக வாசிக்கும் தூரம்வரை போய் நிற்பீர்கள்.

6. சட்டத்தைச் சில்லறையாகப் பாருங்கள்.

மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, கம்பெனி சொன்ன அளவிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதியாகச் சொன்னது. அதே ஆண்டுத் திருத்தத்தில், அனுமதியில்லாமல் செய்த ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம், ஆறு மாதம்வரை சிறையும் விதிக்கலாம் என்று வந்தது. "ஒவ்வொரு" என்ற சொல்லைக் கவனியுங்கள். கட்டை, டயர், வெட்டிய மட்கார்டு, எல்இடி பார். எண்ணாமல் இருப்பது நல்லது. எஃப்சிக்குப் போகும்போது கூட்டாளியின் பழைய டயரை இரவல் வாங்குங்கள். அவனுக்கு எஃப்சி வரும்போது திருப்பிக் கொடுங்கள்.

7. மம்பட்டி ஒன்று வாங்குங்கள்.

இதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். களக்காட்டில் தோட்டத்தோரம் வண்டியை நிறுத்துகிறீர்கள். பதினைந்து, இருபது கிலோ தாரைத் தோளில் சுமந்து வருகிறவர் இதுவரை நேராகத் தட்டில் சாய்த்துவிட்டுப் போவார். இப்போது தட்டு ஏழரை இஞ்ச் மேலே இருக்கிறது. முதல் பத்துத் தாருக்கு எக்குவார். பதினோராவதில் உங்களை ஒரு பார்வை பார்ப்பார். இருபதாவதில் கூலி பேச ஆரம்பிப்பார்.

கூலியைக் கூட்டாதீர்கள். மம்பட்டியை எடுங்கள். பின் சக்கரம் இரண்டுக்கும் சரியாக ஏழரை இஞ்ச் ஆழத்தில் குழி வெட்டுங்கள். ரிவர்ஸில் இறக்குங்கள். தட்டு, கம்பெனி கொடுத்த அதே உயரத்துக்கு வந்துவிடும். ஏற்றுகிறவருக்கும் சந்தோஷம், உங்களுக்கும் சந்தோஷம்.

லோடு ஏறியதும் வெளியே வர முதல் கியர் இழுக்காது (படி 5 பார்க்க). பக்கத்து வயலில் டிராக்டர் நிற்கும். அண்ணாச்சி, ஒரு கை கொடுங்க என்று கூப்பிடுங்கள். கம்பெனி உயரத்தில், கம்பெனி டயரோடு வந்து நிற்பார். உங்கள் வண்டியை மேலும் கீழும் பார்ப்பார், பிறகு குழியைப் பார்ப்பார். எதுவும் பேச்சுக் கொடுக்காதீர்கள். கயிறு அவருடையதா, நம்முடையதா என்று மட்டும் கேளுங்கள்.