யானை போட்ட வளைவு

கேள்வி: பழைய சீனத் தந்தச் சிற்பங்களில் போதிசத்துவர் குவான்யின் ஏன் ஒரு பக்கமாகச் சாய்ந்தே நிற்கிறார்? கையில் குழந்தை வேறு. பார்த்தால் மேரி மாதா போலவே இருக்கிறதே!

பதில்: சாய்வுக்குப் பொறுப்பு யானைதான்! தந்தமே வளைந்த பொருள். நிமிர்ந்த உருவம் வேண்டுமானால் பாதியைச் சீவி எறிய வேண்டும். சீனச் சிற்பிகள் அந்த வளைவையே இடுப்பின் ஒசிவாக்கி, ஆடை மடிப்புகளையும் அதன்மேல் வழியவிட்டார்கள். என்ன கெட்டிக்காரத்தனம்! சிலையைத் தலைகீழாகப் பார்த்தால் அடியில் பல சமயம் ஒரு குழி தெரியும். தந்தத்தின் உயிர்ச்சதை இருந்த இடம் அது. வெட்டுமுகத்தில் வலை பின்னியது போன்ற மெல்லிய கோடுகளும் இருக்கும். எலும்பில் அவை கிடையாது.

குழந்தை விஷயத்தில் உங்கள் கண் சரியாகவே பார்த்திருக்கிறது. 1571இல் ஸ்பானியர்கள் மணிலாவில் காலூன்றியபின், சீனாவின் ஃபூஜியான் மாநிலச் சிற்பிகளிடம் மாதா சிலைகளைச் செய்து வாங்கினார்கள். மாதாவைச் செதுக்கிய கைகள் பிள்ளைவரம் தரும் குவான்யினையும் செதுக்கின. முகச்சாயல் ஒட்டிக்கொண்டது. இந்தியாவில் அவலோகிதேசுவரராக, ஆணாக இருந்த போதிசத்துவர், சீனாவில் பெண்ணாகி, இந்தச் சிலைகளில் தாயாகவும் நிற்கிறார். ஐயமிருந்தால் தலையைப் பாருங்கள்: கிரீடத்தில் சின்னஞ்சிறு அமிதாப புத்தர் உட்கார்ந்திருந்தால் அது குவான்யின்தான்.

வாங்கும் ஆசை மட்டும் வேண்டாம். அந்த அழகுக்கு ஒரு யானை உயிரைக் கொடுத்திருக்கிறது. 2017 முடிவோடு சீனாவே உள்நாட்டுத் தந்த வணிகத்தைத் தடைசெய்துவிட்டது. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் போன்ற இடங்களில் கண்ணாரப் பார்த்துக்கொள்ளலாம்.