தட்டு சுற்றிய காலம்

கலர் டிவி வரலாற்றை, விஞ்ஞானிகள் இரவுபகலாகப் பாடுபட்ட கதையாக எழுதுவதுதான் வழக்கம். உண்மையில் அது அமெரிக்காவின் இரண்டு பணக்காரக் கம்பெனிகள் போட்ட குழாயடிச் சண்டை.

சி.பி.எஸ். கம்பெனியின் பீட்டர் கோல்ட்மார்க் ஒரு வழி கண்டுபிடித்தார். கறுப்பு வெள்ளைத் திரைக்கு முன்னால் சிவப்பு, நீலம், பச்சைத் தாள் பதித்த தட்டு நிமிடத்துக்கு 1,440 தடவை சுற்றும். கண் ஏமாந்துபோய் வண்ணம் பார்க்கும். ஆனால் தட்டு, திரையைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் அகலமாக இருக்க வேண்டும். பெரிய படம் கேட்டால் சுவரை இடிக்க வேண்டியதுதான். 1950 அக்டோபரில் அரசின் ஆணையம் இதற்குத்தான் தலையாட்டியது! போட்டிக் கம்பெனியான ஆர்.சி.ஏ.வின் தலைவர் டேவிட் சர்னாஃப் வயிறு எரிந்து உச்ச நீதிமன்றம் வரை போனார், அங்கேயும் தோற்றார்.

1951 ஜூன் 25 அன்று ஐந்து நகரங்களில் சி.பி.எஸ்.ஸின் கலர் ஒளிபரப்பு ஆரம்பம். நிகழ்ச்சித் தொகுப்பாளர் எட் சல்லிவன் முதலான பெரிய தலைகள் வந்து சிரித்தன. நாட்டில் ஒரு கோடிக்கும் மேல் டிவி இருந்தது. சாதாரணப் பெட்டி எதிலும் அது தெரியாது. பந்தி போட்டாயிற்று, சாப்பிடத்தான் ஆளில்லை. அக்டோபரில், கொரியப் போருக்குப் பொருள் வேண்டும், கலர் பெட்டி செய்யாதே என்றது அரசு. சி.பி.எஸ். அழவில்லை. விட்டது சனி என்று கடையைக் கட்டியது.

சர்னாஃப் விடவில்லை. பழைய பெட்டியிலும் கறுப்பு வெள்ளையாகத் தெரியும் கலர் முறைக்கு 1953 டிசம்பரில் அனுமதி கிடைத்தது. மறு மார்ச்சிலேயே இண்டியானாவின் புளூமிங்டனில் ஆர்.சி.ஏ.வின் சி.டி.-100 கலர் பெட்டி தயார். பதினைந்து அங்குலக் குழாய், ஆயிரம் டாலர். புது ஃபோர்டு காரே இரண்டாயிரத்துக்குள் கிடைத்த காலம் அது. இவ்வளவு கொட்டி வாங்கியவர், கலர் நிகழ்ச்சி எப்போது வரும் என்று காத்துக் கிடந்தார். வந்தாலும் குமிழைத் திருகிக்கொண்டே இருந்தால்தான் மனிதர் முகம் மனிதர் நிறத்துக்கு வரும். சில மாதங்களில் ஆர்.சி.ஏ.வே விலையைப் பாதிக்குக் குறைத்தது. முதலில் ஓடிப்போய் வாங்கியவர் அக்கம்பக்கத்தார் முகத்தில் எப்படி முழித்தாரோ!

சி.டி.-100 செய்தது ஐயாயிரத்துக்கும் குறைவு. அதனால்தான் இன்று சேகரிப்பாளர்கள் அதன் பின்னால் அலைகிறார்கள். மரப்பெட்டியை மெருகேற்றலாம், வால்வை மாற்றலாம். படக்குழாயில் கண்ணாடியும் உலோகமும் சேரும் இடம் வழியாகக் காற்று நுழைந்துவிட்டால் கதை முடிந்தது. பரணில் ஒன்று கிடைத்தால், மேலே உள்ள பளபளப்பைப் பார்த்துப் பணத்தை நீட்டாதீர்கள். குழாய்க்கு உயிர் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.